டீச்சர் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பேச்சு எந்த வழியில் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முழங்கால். அடுத்து சர்க்கரை. பாயசம் வரும்போது சர்க்கரையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். போன மாதம் புக்கிட் காத்திலில் ஒரு கல்யாணம். என் பக்கத்து இலைக்காரர் பேரனை இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்க்கப் போய்விட்டுத் திரும்பி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஃபீஸ் பேப்பர பாத்தேன். கண்ணாடிய தொடச்சிட்டு இன்னொரு தடவ பாத்தேன். அப்பவும் அதே நம்பர்தான்லா."

எதிர் வரிசையில் இருந்த ஓர் அம்மா உடனே வழி சொன்னார். "அங்க டீச்சரா வேலைக்குப் போயிட்டா பிள்ளைங்களுக்கு ஃபிரீயாம். மருமகள அனுப்புங்க. ஒரே கல்லு, ரெண்டு மாங்கா."

'ஃபிரீ' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர். பெண்ணைப் பெற்றவர்களே அழாத கல்யாணத்தில் நான் அழுதேன் என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு.

நான் அந்த ஃபிரீயில் படித்தவள். மொத்தம் நாலு டெர்ம். அந்தக் கதையைப் பந்தியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, என் இலையில் மிச்சமிருந்த அப்பளத்தைக் கண்ணாலேயே காலி செய்துகொண்டிருந்தார்கள். அதனால் இங்கே சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள், யாரும் எழுப்பமாட்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில், தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. கூரைக்கு மேலே சின்ன விமானங்கள் இறங்கும்போது டிவியில் செய்தி வாசிப்பவரின் முகம் கோடு கோடாகக் கிழியும். அப்பாவுக்கு அங்கேயே, தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் டெக்னீசியன் வேலை. அம்மா கவர்மெண்ட் ஸ்கூலில் மலாய் மொழி டீச்சர். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்: அக்கா, நான்.

அக்கா என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகளை. அம்மாவின் அக்கா செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சல் வந்து, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு நாலு. பெரியப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். விடியுமுன் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. காரியம் முடிந்த அன்று அம்மா அக்காவின் துணிமணிகளை ஒரு பால்டின் அட்டைப்பெட்டியில் மடித்து வைத்தார். பெரியப்பா அந்தப் பெட்டியைத் தூக்கி எங்கள் காருக்குள் வைத்தார். அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் பிள்ளை தங்கச்சி வீட்டுக்கு வருவதற்கு எந்த ஆபீஸில் போய் எந்தப் பாரத்தை நிரப்புவது?

பெரியப்பா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வருவார். ரம்புத்தான் காலத்தில் ரம்புத்தான், இல்லாத காலத்தில் ரொட்டி. அக்கா அவரை 'அப்பா' என்பாள், என் அப்பாவை 'சித்தப்பா' என்பாள், அம்மாவை 'சின்னம்மா' என்பாள். அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எங்களுக்கும் இல்லை.

அக்காவுக்குப் படிப்பு என்றால் நமக்கு ரொட்டி சானாய் மாதிரி. தட்டில் மிச்சம் வைக்கமாட்டாள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது அம்மா ஒருநாள் ஒரு வேலைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். மேட்டு மேல் இருந்த இன்டர்நேஷனல் ஸ்கூலில் மலாய் மொழி கற்றுக்கொடுக்க ஆள் தேடியிருக்கிறார்கள். கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. டீச்சரோட பிள்ளைங்க ரெண்டு பேர் வரைக்கும் கட்டணம் இல்லையாம்."

அப்பா குனிந்து பார்த்தார். "ரெண்டு பேரா? நமக்குச் சரியா ரெண்டுதானே!"

சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது எங்களுக்கு. அந்த வரியை அதற்குமேல் யாரும் படிக்கவில்லை.

அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, செய்தி கேட்டு மறுநாளே வந்துவிட்டார். "பென்ஷன் வேலைய விட்டுட்டு வெள்ளக்காரன் ஸ்கூலுக்கு ஓடுறாளாம். இனிமே இந்த வீட்டுல தோசைய முள்ளுக் கரண்டியாலதான் சாப்பிடுவாங்க போல!" அம்மாவுக்கு ஸ்டைல் கூடிவிட்டது, சம்பளத்துக்கு ஆசைப்பட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நம்பினார்கள். சம்பளம் கவர்மெண்டைவிடக் கொஞ்சம் கம்மி. அதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பென்ஷனை விட்டு, கம்மிச் சம்பளத்துக்குப் போய், அந்த ஒரு வரிக்காகத்தான் அம்மா மேடு ஏறியிருக்கிறார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வெட்டிய புல், குளத்து குளோரின், ஏர்கோன் காற்றில் ஊறிய கம்பளம். லைப்ரரிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் ஆட்டின் முதுகில் நடக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிற்பேட்டைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர்களின் பிள்ளைகள். என் பக்கத்து மேசைக்காரன் அப்பாவின் மேனேஜருடைய மகன். முதல் நாள் அப்பா எனக்குக் கொடுத்த ஒரே அறிவுரை இதுதான்: "அவன்கூட சண்ட கிண்ட போட்டுறாதே. போனஸ் மாசம் வருது."

கட்டணம் இல்லை என்றால் கட்டணம் மட்டும்தான் இல்லை. பந்தியில் அந்த அம்மாவுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். சட்டை உண்டு, தொப்பி உண்டு, நீச்சல் உடுப்பு உண்டு, பிரெஞ்சுப் புத்தகம் உண்டு, கேமரன் மலைக்குப் போகிற பஸ் உண்டு. இதற்கெல்லாம் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் விட்டுப்போகிற சாமான்களை ஸ்டோர் ரூமில் ஒரு பெரிய பெட்டியில் போட்டு வைப்பார்கள். டெர்ம் தொடக்கத்தில் நாங்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். காந்தம் வைத்து மூடும் பென்சில் டப்பா, ஒற்றைச் சக்கரம் போன சறுக்குச் செருப்பு, அமுக்கினால் ஆடு மாதிரி கத்தும் ஒரு அழிரப்பர். நான் ஒரு பனிச்சட்டை எடுத்தேன். ஆமாம், மலாக்காவில். கம்ப்யூட்டர் ரூமில் மட்டும் போட்டுக்கொள்வேன். வெளியே வரும்போது அவித்த கடலை மாதிரி இருப்பேன்.

நீச்சல் உடுப்பும் அந்தப் பெட்டியில்தான் கிடைத்தது. அதன் மார்பில் ஒரு ஜப்பான் பிள்ளையின் பெயர் தைத்திருந்தது. கோச் நாலு டெர்மும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. குளத்தில் நான் காட்டிய திறமைக்கு அந்தப் பிள்ளையின் பெயர் கெடட்டுமே, என் பெயர் எதற்கு?

இன்னொரு வழக்கமும் இருந்தது. பள்ளிக்கூட வேலிக்குள் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அது நாக்கில் ஒட்டிக்கொண்டு, ஒருநாள் வீட்டில் தட்டை நீட்டி, "டீச்சர், இன்னும் கொஞ்சம் சோறு" என்றேன்.

"கைய தூக்கிட்டுக் கேளு" என்றார் அம்மா.

அம்மாவின் வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். மற்ற டீச்சர்கள் புத்தகத்தைத் திறப்பார்கள். அம்மா காரின் பின்பக்கத்தைத் திறப்பார். கங்கோங் கீரை, ஊசிமிளகாய், கத்தரிக்காய், ஒரு பழைய தராசு. வகுப்பு பசார் ஆகிவிடும். பாதிப் பேர் கடைக்காரர்கள், பாதிப் பேர் வாங்குகிறவர்கள். மலாய் மொழியில் பேரம் பேசி விலையைக் குறைத்தால்தான் மார்க். ஆறடி உயரத்து ஜெர்மன் பையன்கள் ஒரு கட்டுக் கீரைக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். அம்மா நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த விலைக்கு உன் பாட்டி வாங்குவாளா? கேளு, இன்னும் கேளு!" என்று ஏற்றிவிடுவார். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவர் என் அம்மா என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்குமே என்று இருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மீன் குளத்துக்குள் போவது மாதிரி போனாள். லேப் வேலையில் அவள்தான் முதல். அம்மாவுக்காக நாங்கள் ஐந்து மணிவரை காத்திருக்கும்போது, கார் நிறுத்துமிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நான் பிரெஞ்சுப் பரீட்சையில் ஐம்பதுக்கு ஏழு வாங்கி வந்து காட்டினேன்.

தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஏழுல ரெண்டு, பேர சரியா எழுதினதுக்கு."

"மிச்சம் அஞ்சு?"

"அதான் தேடிக்கிட்டு இருக்கேன்."

இரண்டாம் வருஷம் முதல் டெர்மில் எங்கள் வகுப்பு மிஸ் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்து, அவரவர் குடும்ப மரத்தை வரையச் சொன்னார். மற்ற பிள்ளைகளின் மரங்கள் பூந்தொட்டிச் செடிகள் மாதிரி இருந்தன. அப்பா, அம்மா, இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, ஒரு நாய். எனக்கு ஓர் அட்டை போதவில்லை. இரண்டாவது கேட்டு வாங்கி ஒட்டினேன். அப்பா வழி, அம்மா வழி, கட்டிக்கொடுத்த வழி, எல்லாரையும் ஏற்றினேன். பெரியம்மாவின் கிளையில் அக்காவை எழுதினேன். பெரியம்மாவின் பெயரைச் சுற்றி ஒரு மாலை வரைந்தேன். அங்கிருந்து எங்கள் கிளைக்கு ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு கார், காருக்குள் ஓர் அட்டைப்பெட்டி. பள்ளிக்கூடத்தில் என் வாழ்நாளில் வாங்கிய ஒரே முதல் பரிசு அது. பெற்றோர் தினத்தன்று ஆபீஸுக்கு எதிரே, எல்லார் கண்ணிலும் படும்படி அதை மாட்டினார்கள்.

ஆபீஸில் ஒரு சீன ஆன்ட்டி இருந்தார். நல்லவர். எனக்குப் புளிப்பு மிட்டாய் கொடுப்பவர். மரத்தின் முன்னால் நெடுநேரம் நின்று ரசித்தார். அம்மா அந்தப் பக்கம் வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், பெரிய பொண்ணு உங்க அக்கா மகளா?"

"ஆமா. எங்க அக்கா தவறிட்டாங்க. நான்தான் வளர்க்கிறேன்" என்றார் அம்மா. என் கையெழுத்து அழகா இருக்கா என்று அவரும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தத்துப் பேப்பர் இருக்குல்ல?"

"என் அக்கா மகளுக்கு எனக்கு எதுக்குப் பேப்பர்?"

ஆன்ட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. வாயில் போட்ட பிறகுதான் மிளகாய் என்று தெரிந்தவர் மாதிரி ஆனார். "ஐயோ டீச்சர். சொந்தப் பிள்ள, இல்லாட்டி சட்டப்படி தத்தெடுத்த பிள்ள, அவங்களுக்குத்தான் ஃபிரீ. அடுத்த மாசம் ஆடிட்காரங்க வேற வர்றாங்க."

"சேர்க்கும்போதே பிறப்புப் பத்திரம் குடுத்தேனே. அதுல எங்க அக்கா பேருதானே இருக்கு?"

இருந்தது. ஆன்ட்டி ஃபைலை எடுத்துப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்த கிளார்க் அதைப் படிக்காமலே குத்தி வைத்திருந்தார். அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்று மாலை பிரின்சிபல் அம்மாவைக் கூப்பிட்டார். நெட்டையான இங்கிலாந்துக்காரர். கோபப்பட்டால் இன்னும் மரியாதையாகப் பேசுவாராம். அன்று மிகவும் மரியாதையாகப் பேசினாராம். வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் சொன்னதை நாங்கள் இருவரும் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டோம்.

"இதுவரைக்கும் படிச்சதுக்கு எதுவும் கேக்க மாட்டாங்களாம். மாசக் கடைசிக்குள்ள தத்தெடுக்க ஆரம்பிச்சதுக்குப் பேப்பர் காட்டினா, அவ அப்படியே படிக்கலாமாம். இல்லாட்டி இந்த டெர்மோட நிக்கணும்."

"பேப்பருக்கு என்ன வேணுமாம்?" என்றார் அப்பா.

"அத்தானோட கையெழுத்து."

அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அவளுடைய வெளிநாட்டுப் பரீட்சைக்கு இன்னும் இரண்டே டெர்ம். அந்தப் பாடம் வேறு, கவர்மெண்ட் ஸ்கூலின் எஸ்.பி.எம். பரீட்சைப் பாடம் வேறு. நடுவில் நின்றால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அந்தக் கட்டணத்தைக் கட்டிப் படிக்கவைக்க வேண்டுமென்றால் அப்பா வீட்டை விற்க வேண்டும். வீடே பேங்க்கினுடையது.

எல்லாம் என் முதல் பரிசால் வந்த வினை. "நான் வேற மரம் வரையறேன்மா. அக்காவ நம்ம கிளையிலேயே போட்டுடறேன். நாளைக்கே மாட்டிடலாம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "வேணாம். நீ வரைஞ்சது சரியாத்தான் இருக்கு."

அத்தனை கலக்கத்திலும் அதைச் சொன்னார் பாருங்கள். ஓர் அழிரப்பர் எடுத்து அழித்தால் தீர்ந்துவிடும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றலாம். பெரியவர்கள் பல பேருக்கும் தோன்றியிருக்கும். அம்மாவுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் செலண்டார் போனோம். அம்மாவின் மடியில் வக்கீல் ஆபீஸில் வாங்கிய சம்மதப் பாரம், பிளாஸ்டிக் உறைக்குள். வழியெல்லாம் செம்பனை. ரப்பர் ஆலையின் ஒட்டுப்பால் நாற்றம் வந்ததும் நான் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம்போல அக்கா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அவளுக்கு அது வீட்டு வாசனை.

பெரியப்பா உருளைக்கிழங்கு போட்டுக் கோழி சமைத்து வைத்திருந்தார். "வா சகல, உக்காரு. காரம் கொஞ்சம் தூக்கல், பிள்ளைங்களுக்குத் தண்ணி எடுத்து வையி" என்று அப்பாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மேசையில் நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. என் தட்டை நகர்த்தியபோது பார்த்தேன். பேப்பரின் வெள்ளை ஓரத்தில் மேலிருந்து கீழே அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுப் பார்த்திருந்தார், பத்துப் பன்னிரண்டு தடவை. கடைசி நாலு நன்றாக வந்திருந்தது. நான் தட்டை அதன்மேலேயே வைத்துவிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடியும் கழுவினார். விரல் வெடிப்புகளில் இருந்த லாரி எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. வந்து உட்கார்ந்தார்.

"எடும்மா. என்னா எழுதியிருக்கு, படி."

பாரம் மலாயில் இருந்தது. அம்மா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பெயர், ஐ.சி. அட்டை நம்பர், முகவரி. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அதே தெளிவான குரல். ஐந்தாவது வரி வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ நீளமா எழுதியிருக்கான்? படி."

அம்மா படித்தார். "இந்தப் பிள்ளையின் மேல் எனக்கு உள்ள எல்லா உரிமையையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன்."

அப்பா எழுந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார். கண் கலங்கினால் அப்பா எப்போதும் டயர் பார்ப்பார்.

பெரியப்பா மேசையில் இருந்த பேனாவை எடுத்தார். அப்புறம், "சரி. எங்க போடணும்?" என்றார்.

"போடாதீங்கப்பா" என்றாள் அக்கா.

"படிப்பு வேணாமா உனக்கு?"

"வேணும்."

"அப்பறம் என்னா? இது அவன் ஆபீஸுக்குக் குடுக்கிற பேப்பரு. நான் இதுல போட்டா அடுத்த மாசம் ரம்புத்தான் கொண்டார மாட்டனா? நீ கதவச் சாத்திடுவியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

"யாராச்சும் கேட்டா, எங்கப்பா என்னை எழுதிக் குடுத்துட்டாருன்னு நான் சொல்லணும்ல. அதச் சொல்லிக்கிட்டு எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா."

அக்கா அழவில்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். பெரியப்பாவின் கையில் இருந்த பேனாவை அம்மா மெதுவாக வாங்கி மூடினார்.

"இத நான் கொண்டாந்திருக்கவே கூடாது அத்தான். மன்னிச்சிடுங்க."

"நீ என்னாம்மா பண்ணுவே? பிள்ளைக்குத்தானே ஓடுற" என்றார் பெரியப்பா. பிறகு அக்காவிடம், "மோர் இருக்கு, குடிக்கிறியா?" என்று கேட்டார். அவள் குடித்தாள். என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் குடித்தேன்.

திங்கட்கிழமை அம்மா வெறும் கையோடு பிரின்சிபல் அறைக்குப் போனார். பேப்பர் வராது, கேட்டது என் தப்பு என்று சொல்லியிருக்கிறார். பிரின்சிபல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு, ஒரு வழி சொன்னாராம். சட்டப்படி உங்களுக்கு ஒரு பிள்ளை, அதனால் ஓர் இடம். அந்த ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடும்படி நான் போர்டில் பேசுகிறேன். இரண்டு இடம் என்னால் முடியாது.

இதை அம்மா எனக்குச் சொன்னது மறுநாள் பசார் மாலாமில், இரவுச் சந்தையில். நான் கேட்காமலேயே ஓர் ஆப்பாம் பாலிக் வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிலக்கடலை வைத்து மடித்துச் சுட்ட அந்தப் பணியாரத்தை எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குத்தான் வாங்குவார்கள். கடைகளுக்குப் பின்னால் இருந்த கால்வாய்த் திட்டில் என்னை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். புடவையோடு, கால்வாய்த் திட்டில்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு இடந்தான் இருக்கு. அக்காவுக்குப் பரீட்சை. நீ கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வரணும். உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. இது உன் இடம். நீதான் முடிவு பண்ணணும்."

எனக்குள் என்ன நடந்தது என்று இப்போது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீச்சல் போகும். பிரெஞ்சு போகும். அடுத்த தெருப் பிள்ளைகளோடு நடந்தே ஸ்கூலுக்குப் போகலாம். மேனேஜர் மகனின் காலை மிதித்தாலும் அப்பாவின் போனஸுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே உறுமி மேளமே அடித்தது. ஆனால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். கோயில் திருவிழா நாடகத்தில் பார்த்த மாதிரி தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "அக்காவுக்காக நான் வரேம்மா" என்றேன்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இன்னோர் ஆப்பாம் பாலிக்கும் கிடைத்தது.

அக்கா அங்கேயே படித்தாள். பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று பெரியப்பா குலை இறக்கிவிட்டு லாரியோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாசலில் காவல்காரர் தடுக்க, அம்மா ஓடிப்போய்க் கேட்டைத் திறக்கச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களின் பளபளக்கும் கார்களுக்கு நடுவில் அந்த லாரி நின்றது, பின்தட்டில் பழுத்துச் சிதறிய செம்பனைப் பழங்களோடு. அக்கா பள்ளிக்கூடத்திலேயே முதல். பிரின்சிபல் படி இறங்கி வந்து, இவர் யார் என்று கேட்டார்.

"இவர் என் பொண்ணோட அப்பா" என்றார் அம்மா.

பக்கத்தில் என் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார். பிரின்சிபல் ஒரு கணம் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நிரப்புவதற்குப் பாரம் எதுவும் கையில் இல்லாததால் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

இன்றைக்கு அக்கா பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். பெரியப்பா கடைசிவரை அவளோடுதான் இருந்தார். நான் என்ன ஆனேன் என்று கேட்காதீர்கள். கல்யாணங்களில் ரசம் குடிக்கிறேன்.

ஆனால் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. அக்காவுக்காக இடத்தை விட்டுக்கொடுத்தவள். அத்தை கடைசிவரை, "சொந்தப் பிள்ளைய வெளிய தள்ளிட்டு அக்கா பிள்ளைய உள்ள வச்சா" என்று அம்மாவைக் குத்திக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் பட்டம் போய்விடுமே. அந்தப் பட்டத்தை வைத்து முப்பத்தைந்து வருஷமாக மீன் குழம்பில் தலைத்துண்டு எனக்குத்தான். அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரமும் எனக்குத்தான். என் பிள்ளைகளிடம்கூட, "பத்து வயசுலயே என்கிட்ட கேட்டுத்தான் எங்க வீட்டுல முடிவு எடுத்தாங்க" என்று அடித்துவிடுவேன்.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். ரசம் மூக்கில் ஏறிய கதையைச் சொன்னேன். அம்மா கங்கோங் ஆய்ந்துகொண்டிருந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"உன்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு" என்றார். "அந்த ஸ்கூல் விசயத்துல."

எழுபதைத் தாண்டியவரை இதற்குமேல் ஏமாற்றக்கூடாது என்று உண்மையைப் போட்டு உடைத்தேன். "அம்மா, நான் அன்னிக்குச் சந்தோசமாத்தான் வந்தேன். சோகமெல்லாம் நடிப்பு. நீங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

"அது எனக்குத் தெரியாதா? உன் ரிப்போர்ட் கார்டுல கையெழுத்து போட்டவ நான்தானே. அதுக்குக் கேக்கல."

"பின்ன எதுக்கு?"

"பசார் மாலாம்ல உக்கார வச்சி, உன் இடம், நீதான் முடிவு பண்ணணும்னு கேட்டேன்ல?" கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதுக்கு முந்தின நாளே பிரின்சிபல் ரூம்லயே முடிவச் சொல்லிட்டேன். பெரியவளுக்குத்தான் அந்த இடம்னு. கையெழுத்தும் போட்டுட்டேன்."

நான் நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டே."

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

அம்மா ஒரு தண்டை ஒடித்தார். யோசித்தார்.

"தெரியாது. அதான் முன்னாடியே போட்டுட்டு வந்தேன்."

நான் இன்னொரு கட்டை என் பக்கம் இழுத்துப் பிரித்து, ஆய ஆரம்பித்தேன்.